ஐதர் காலத்துக் கணக்கு



நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன என்று நம் பழைய மாணவர் குழுவில் பத்து நாளாக வாதம் நடக்கிறது. மதம்தான் காரணம் என்கிறார் ஒருவர். ஆயுத வியாபாரம் என்கிறார் இன்னொருவர். தலைவர்களின் வீம்பு என்று மூன்றாமவர். கடைசியில் "சார் சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

இன்றைய போர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது நீங்கள் செய்தியில் பார்க்கும் அளவுதான். ஆனால் உத்திரமேரூரில் காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இரண்டு போர்க்களங்கள் இருக்கின்றன. தெற்கே வந்தவாசி. வடக்கே, காஞ்சிபுரத்தைத் தாண்டி, புள்ளலூர். இரண்டிலும் மோதிக்கொண்டவர்களின் வரவு செலவு, கடன், வட்டி எல்லாம் எழுத்தில் இருக்கிறது. போருக்கு என்ன காரணம் என்று அந்தக் காலத்தவர் பேசிய பேச்சைவிட அந்தக் கணக்கு எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

"இது ஐதர் காலத்துப் பழசு" என்று நம் வீடுகளில் சொல்வோம். ஓட்டை சைக்கிளுக்கும் சொல்வோம், பெரியப்பாவின் குடைக்கும் சொல்வோம். அந்த ஐதர் மைசூரின் ஹைதர் அலி. அவர் நம்மை ஆண்டதில்லை. நம் பக்கம் படையோடு வந்தார், இரண்டு வருஷத்துக்கு மேல் சுற்றினார், சித்தூர் அருகே பாசறையில் 1782 டிசம்பர் 7ல் இறந்துபோனார். ஆளாத ஒருவரின் பெயர் 240 வருஷமாக நம் பேச்சில் தங்கியிருக்கிறது என்றால் அந்த இரண்டு வருஷம் எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்!

ஆனால் கதை ஹைதருக்கு முன்பே, துணியில் தொடங்குகிறது.

ஐரோப்பியக் கம்பெனிகள் இங்கே வந்தது காஞ்சிபுரம் முதலான ஊர்களில் தறியில் இறங்கிய பருத்தித் துணிக்காக. அவர்கள் கொண்டுவந்த கம்பளியும் ஈயமும் இந்த வெயிலில் யாருக்கு வேண்டும்? ஆகவே துணிக்கு விலையாக வெள்ளிதான் கொடுக்க வேண்டியிருந்தது. கப்பல் கப்பலாக வெள்ளி வெளியே போகிறதே என்று லண்டனிலும் பாரிஸிலும் புலம்பல். புதுச்சேரியில் கவர்னராக இருந்த துய்ப்ளே இதற்கு ஒரு வழி கண்டார். உள்ளூர் அரசர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுகிறார்கள். நம்மிடம் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் இருக்கிறார்கள். படையை அவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். வாடகையாக நிலவரியை வாங்குவோம். அந்த வரிப்பணத்திலேயே துணி வாங்குவோம். ஊரிலிருந்து வெள்ளி வர வேண்டியதில்லை.

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. இதே கணக்கைச் சென்னையில் இருந்த ஆங்கிலேயரும் போட்டார்கள். அதுதான் தொல்லை.

இதற்கிடையில் ஐரோப்பாவில் ஆஸ்திரிய நாட்டு அரியணையில் மரியா தெரசா என்ற பெண் உட்காரலாமா என்று 1740ல் ஒரு போர் மூண்டது. அதில் பிரான்ஸ் ஒரு பக்கம், இங்கிலாந்து மறுபக்கம். மரியா தெரசாவுக்கும் மயிலாப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748ல் ஐரோப்பாவில் சமாதானம் ஆனபோது சென்னையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக வட அமெரிக்காவில் இருக்கும் லூயிஸ்பர்க் கோட்டையை வாங்கிக்கொண்டார்கள். பனியில் கிடந்த ஒரு மீன்பிடித் துறைக்கு நம் சென்னை சரிக்குச் சரியாகப் போயிற்று. நம்மூர் ஆள் யாரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சமாதானம் ஆனதும் இரண்டு கம்பெனிகளிடமும் வேலையில்லாத படை இருந்தது. சம்பளம் மட்டும் மாதாமாதம் நின்றது. வேலையில்லாத படைக்கு வேலை தேடுவார்கள் என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்தும். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டி வந்தது. 1749ல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் இறந்தார். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. அன்வருதீனின் மகன் முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. பாடப்புத்தகத்தில் இதை "வாரிசுப் போட்டி" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். போட்டி உண்மைதான். ஆனால் அண்ணன் தம்பி சொத்துத் தகராறு எங்கே இல்லை? இரண்டு பக்கமும் வக்கீல் தன் செலவிலேயே வழக்கு நடத்தி, ஜெயித்தால் நிலத்தில் பங்கு என்று பேசிக்கொண்டால் அந்தத் தகராறு எந்தக் காலத்தில் தீரும்? கர்நாடகப் போர்கள் அப்படித்தான் நீண்டன. இதையெல்லாம் புதுச்சேரியில் துய்ப்ளேயின் பக்கத்திலேயே இருந்து பார்த்த நம் ஆள் ஒருவர் உண்டு, துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய நாட்குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. கல்லூரியில் வரலாறு படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். அரசியல் பேச்சுக்கு நடுவே சரக்கு விலையும் பாக்கியும் வந்துகொண்டே இருக்கும்.

1756ல் ஐரோப்பாவில் மறுபடியும் போர். ஏழாண்டுப் போர் என்பார்கள். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, இந்தியா எல்லாவற்றிலும் நடந்ததால் இதைத்தான் முதல் உலகப் போர் என்று சொல்ல வேண்டும் என்பவர்கள் உண்டு. பிரான்ஸ் இங்கே லாலி என்ற தளபதியை அனுப்பியது. வீரர், முன்கோபி. அவர் கையில் பணம் மட்டும் இல்லை. வந்தவுடன் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? தஞ்சாவூர் ராஜா ஒன்பது வருஷத்துக்கு முன் சந்தா சாகிபின் தரப்புக்கு எழுதிக்கொடுத்திருந்த பழைய பத்திரம் ஒன்று புதுச்சேரியில் இருந்தது. 56 லட்ச ரூபாய். அதை எடுத்துக்கொண்டு, பாக்கி வசூலிக்கப் படையோடு 1758ல் தஞ்சாவூர் போனார். வழியில் கீழ்வேளூர்க் கோயிலைத் தோண்டிப் பார்த்தார். தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார். வெடிமருந்தும் சோறும் தீர்ந்துபோகவே வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த வருஷம் அக்டோபரில், பல மாதச் சம்பள பாக்கிக்காக வந்தவாசியில் அவருடைய சொந்தப் படையே கலகம் செய்தது. கொஞ்சம் பணம் கொடுத்துச் சமாளித்தார்கள்.

அந்தப் படையை வைத்துக்கொண்டுதான் லாலி 1760 ஜனவரியில் காஞ்சிபுரத்துக்குள் புகுந்து கடைத்தெருவைக் கொள்ளையடித்து, கிடைத்த மாடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்தவாசிக்குத் திரும்பினார். மாடு இல்லாமல் பீரங்கி நகராது. அரிசி மூட்டையும் நகராது. நம் உழவு மாடுகள்தான் அன்றைய ராணுவ லாரி. அவரைத் தொடர்ந்து வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் தன் படையை எங்கே நிறுத்திவைத்தார்? நம் உத்திரமேரூரில். ஆங்கிலேயர் எழுத்தில் "அவுட்ரமலூர்" என்று வரும், தேடுகிறவர்கள் அந்தப் பெயரில் தேடுங்கள். ஜனவரி 22ல் வந்தவாசியில் சண்டை. பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள். ஒரு வருஷத்தில் புதுச்சேரியும் விழுந்தது. லாலிக்கு 1766ல் பாரிஸில் தலை போயிற்று. காசு இல்லாமல் போருக்கு அனுப்பியவர்களுக்கு எதுவும் போகவில்லை.

ஆங்கிலேயர் ஜெயித்தார்கள், முகமது அலி நவாப் ஆனார், 1763 பாரிஸ் உடன்படிக்கையில் ஐரோப்பிய ராஜாக்களே அவரை நவாப் என்று ஒப்புக்கொண்டார்கள் என்று பாடம் முடியும். எனக்கு அதற்கு அடுத்த பக்கம்தான் முக்கியம். ஜெயித்த நவாபிடம் கம்பெனி பில்லை நீட்டியது. இத்தனை வருஷப் போர்ச் செலவும் உங்களுக்காகத்தான், ஆகவே நீங்கள்தான் கட்ட வேண்டும். கட்டப் பணமில்லை. அந்த 1763லேயே செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்தார். உத்திரமேரூரும் அதற்குள் அடக்கம். நம் ஏரியும் வயலும் கம்பெனியின் கைக்குப் போனது இப்படித்தான். பிறகு கம்பெனி அதே சீமையை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1780 வரை அப்படியே. அதாவது, நிலத்தைக் கொடுத்தவரே அந்த நிலத்துக்குக் குத்தகைப் பணமும் கட்டினார். எங்கிருந்து கட்டுவார்? களத்துமேட்டிலிருந்துதான்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எல்லாக் காரியமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நவாப் கம்பெனிப் படைக்குச் சம்பளம் கட்ட வேண்டும். அறுவடை ஆறு மாதம் தள்ளி. ஆகவே கடன். யாரிடம்? கம்பெனியில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரிகளிடம். கம்பெனி என்ற நிறுவனம் வேறு, அதன் ஊழியர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் கொடுத்த கடன் வேறு. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு இருபது, அதற்கு மேலும். கடனுக்கு ஈடாக நவாப் "தன்கா" எழுதிக்கொடுப்பார். இந்தச் சீமையின் இந்த வருஷத்து விளைச்சல் வரி இன்னாருக்கு என்ற சீட்டு. அறுவடைக்குக் குத்தகைதாரர் வருவார். கடன் கொடுத்த துரையின் துபாஷ் கூடவே வருவார். இந்த வருஷமே எடுத்தால்தான் உண்டு, அடுத்த வருஷம் சீட்டு வேறு ஆள் கையில் இருக்கும். அப்படிப்பட்டவர் மதகைப் பழுது பார்ப்பாரா, விதைநெல்லை விட்டுவைப்பாரா?

கடன் கொடுத்த அதிகாரிகளுக்கு நவாப் வாழ வேண்டும், வளர வேண்டும். நவாபின் ராஜ்யம் பெரிதானால் ஈடு பெரிதாகும். அதனால் பக்கத்துச் சீமையைப் பிடிக்கக் கம்பெனிப் படையை அனுப்ப வேண்டும். படையை அனுப்பலாமா வேண்டாமா என்று சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து முடிவு செய்கிற சபையிலேயே கடன் கொடுத்தவர்கள் இருந்தார்கள். லண்டனில் இருந்த இயக்குநர்கள் நாடு பிடிக்காதே, போருக்குப் போகாதே, செலவு ஆகிறது என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்கள். கடிதம் வந்து சேர ஆறு மாதம். தன்காச் சீட்டோ கையில் இருக்கிறது.

1773ல் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடித்து நவாபிடம் ஒப்படைத்தது. தஞ்சை ராஜா கம்பெனிக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நவாபுக்குக் கப்பப் பாக்கி, ஹைதரோடும் மராத்தியரோடும் பேச்சு வைத்திருக்கிறார் என்ற சந்தேகம், இதுதான் சொல்லப்பட்ட காரணம். லண்டன் கோபப்பட்டு, ராஜாவுக்கே நாட்டைத் திருப்பிக் கொடு என்று பிகட் பிரபுவைக் கவர்னராக அனுப்பியது. 1776ல் அவர் திருப்பிக் கொடுத்ததும் பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் எழுந்து, தஞ்சாவூர் விளைச்சலின் மேல் எனக்குச் சுமார் 2,30,000 பவுன் வர வேண்டும் என்றார். அவருடைய சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுன். கணக்குக் கேட்டார் பிகட். சபையின் பெரும்பான்மை அந்த வருஷம் ஆகஸ்டில் கவர்னரையே கைது செய்தது. அடுத்த மே மாதம் காவலிலேயே அவர் இறந்தார். போரில் கவர்னர்கள் செத்ததுண்டு. கடன்பத்திரத்துக்காகச் சொந்தச் சபையின் காவலில் செத்தவரை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

நம்மூர்க் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டை உங்களில் பலர் என்னோடு நின்று படித்திருக்கிறீர்கள். பராந்தகச் சோழன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய சிற்றப்பன், பெரியப்பன், மாமன், அத்தை மக்கள் என்று ஒரு பெரிய பட்டியலே உண்டு, அத்தனை பேரும் கூடாது. எண்ணூறு வருஷம் கழித்து அதே ஊரின் விளைச்சலை ஈடாக வைத்து ஆடியவர்களுக்கு அந்த விதி ஒன்று இருந்திருந்தால் கோட்டையில் நாற்காலிக்கு ஆளே கிடைத்திருக்காது.

இப்போது ஹைதர்.

மைசூருக்கும் கம்பெனிக்கும் முதல் சண்டை 1767ல் தொடங்கியது. 1769ல் ஹைதர் திடீரென்று குதிரைப்படையோடு சென்னை வாசலுக்கே வந்து நின்றார். பயந்துபோன சபை ஏப்ரலில் உடன்படிக்கை செய்தது. யாராவது நம்மில் ஒருவரைத் தாக்கினால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. பிறகு மராத்தியர் மைசூரைத் தாக்கினார்கள். கம்பெனி போகவில்லை. ஹைதர் இதை மறக்கவே இல்லை. போருக்குப் பணம் மட்டும் காரணமில்லை என்று நம் குழுவில் வாதாடியவருக்கு இது ஒரு பாயிண்டு. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல் போனதும் பதினொரு வருஷம் கழித்து வட்டியோடு திரும்பி வந்தது.

ஆனால் அந்த 1769 செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடந்ததைக் கேளுங்கள். ஹைதர் சென்னைப் பக்கம் வந்துவிட்டார் என்றதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. அடுத்து வங்காளத்தில் 1770ன் கொடும் பஞ்சம். 1772ல் கம்பெனி கடன் கேட்டு அரசின் கதவைத் தட்டியது. கிடங்கில் விற்காமல் கிடந்த கம்பெனித் தேயிலையை அமெரிக்காவில் தள்ளிவிட 1773ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது. பாஸ்டன்காரர்கள் அந்தத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. இங்கிலாந்தின் கை கட்டுண்டு கிடக்கிறது என்று பார்த்துப் பிரான்ஸ் 1778ல் அமெரிக்காவோடு சேர்ந்தது. உடனே இங்கே கம்பெனி புதுச்சேரியைப் பிடித்தது, 1779ல் மாஹேயைப் பிடித்தது. மாஹே ஹைதருக்குப் பிரெஞ்சுத் துப்பாக்கியும் மருந்தும் வந்து இறங்கிய துறை. அதில் கை வைக்காதே என்று அவர் எச்சரித்திருந்தார். கேட்கவில்லை. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக ஹைதர் இறங்கினார். அவர் படை எண்பதாயிரத்துக்கும் மேல் என்று ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

சென்னை வாசலில் கிளம்பிய செய்தி பாஸ்டன் வரை போய், பிரான்ஸ் வழியாகப் புள்ளலூருக்குத் திரும்பி வந்தது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு சாட்சி சொல்கிறேன். 1782ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாக்காரர்கள் ஆங்கிலக் கப்பலோடு மோத ஒரு போர்க்கப்பலை இறக்கினார்கள். அதன் பெயர் "ஹைதர் அலி". மோதி ஜெயிக்கவும் செய்தது.

ஹைதர் செய்ததை நியாயப்படுத்த நான் வரவில்லை. அவருடைய குதிரைக்காரர்கள் சென்னையைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்தில் ஊர்களைக் கொளுத்தினார்கள். பயிர் போயிற்று, மாடு போயிற்று, ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொடுமைதான். அதில் ஒரு குரூரமான கணக்கும் இருந்தது. கம்பெனியின் கஜானா கோட்டைக்குள் இல்லை, உத்திரமேரூர், காஞ்சிபுரம், மதுராந்தகம் களங்களில் இருக்கிறது என்று ஹைதருக்குத் தெரியும். கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி வேண்டும். வைக்கோல் போரைக் கொளுத்த ஒரு பந்தம் போதும்.

புள்ளலூர் அந்தக் கணக்கின் விளைவு. வடக்கே குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி ஒரு படையோடு வருகிறார். சென்னையிலிருந்து ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு காஞ்சிபுரம் வந்து காத்திருக்கிறார். 1764ல் பக்சாரில் ஜெயித்த அதே மன்றோ. இரண்டு பேருக்கும் நடுவே அரை நாள் நடை. மன்றோ ஏன் போய்ச் சேர்ந்துகொள்ளவில்லை? நவாப் தருவதாகச் சொன்ன தானியம் வரவில்லை. காஞ்சிபுரத்தில் திரட்டிய கொஞ்ச நெல்லை விட்டு நகர்ந்தால் ஹைதர் அதையும் எடுத்துக்கொள்வார், படை பட்டினி. பக்கத்தில் பீரங்கிச் சத்தம் கேட்கிறது, இவர் நெல்லுக்குக் காவல் இருக்கிறார். பெய்லிக்குக் கொஞ்சம் ஆட்களை மட்டும் அனுப்பினார். 1780 செப்டம்பர் 10ல் பெய்லியின் சுமார் 3,800 பேரை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்து முடித்தார்கள். பெய்லி கைதியாகி, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782ல் இறந்தார். மன்றோ தாமதமாகக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி, காஞ்சிபுரத்தில் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். அந்த வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் வரைந்து வைத்தார். பெங்களூரில் இருக்கும் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். (இதே புள்ளலூரில் அதற்கு 1,160 வருஷத்துக்கு முன் பல்லவ மகேந்திரவர்மன் ஒரு போர் செய்திருக்கிறான். பாவம் அந்த ஊர்.)

1781 ஆகஸ்ட் 27ல் அதே இடத்தில் மறுபடியும் போர். இந்த முறை வந்தவர், இருபது வருஷத்துக்கு முன் நம் ஊரில் தங்கிப்போன அதே அயர் கூட், கிழவராக. ஹைதர் பின்வாங்கினார். ஆனால் துரத்த முடியவில்லை. காரணம் மறுபடியும் அரிசி, மாடு. எரிந்த நாட்டில் இரண்டுமே இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது? வங்காளத்திலிருந்து. அங்கே கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அதற்காகக் காசி ராஜா சேத் சிங்கைக் கசக்கினார், அவர் 1781ல் எதிர்த்து நின்றதும் விரட்டினார். அடுத்து அவத் நாட்டு பேகம்களின் பொக்கிஷத்தில் கை வைத்தார். நம் வயலில் நடந்த சண்டைக்குக் காசியில் வசூல்.

சனங்கள் என்ன ஆனார்கள்? பிழைத்தவர்கள் சென்னைக்கு நடந்தார்கள். அங்கே பஞ்சம். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782ல் ஒரு சத்திரம் ஏற்பட்டது, மணியக்காரர் சத்திரம். கஞ்சித்தொட்டி என்று பெயர் வந்தது. அது வளர்ந்துதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அங்கே வைத்தியம் நடந்திருக்கிறது! பழைய ஆட்கள் இன்னும் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள் நம் முன்னோர்.

1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை. பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. எல்லை நகரவே இல்லை. பிரான்ஸ் அமெரிக்காவுக்காகப் பட்ட கடனில் மூழ்கி 1789ல் அரசனையே இழக்கும் பாதைக்கு வந்தது. கம்பெனி கடனில். நவாப் கடனில். ஒரு வகையார் மட்டும் நஷ்டமில்லாமல் நின்றார்கள், நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள். லண்டன் அரசு அந்தக் கடன்களை விசாரணை இல்லாமலே ஒப்புக்கொண்டு, கர்நாடக வருவாயிலிருந்து வருஷத்துக்கு 12 லட்சம் வராகன் கட்ட ஏற்பாடு செய்தது. 1785 பிப்ரவரி 28ல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் எழுந்து மணிக்கணக்காகப் பேசினார். இந்தக் கடன்காரர்கள் இங்கே பார்லிமெண்ட் இடங்களையே வாங்கி வைத்திருக்கிறார்கள், அதற்குக் கைம்மாறுதான் இது என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். ஹைதரின் படை எரித்த நம் நாட்டைப் பற்றி அவர் சொன்ன பகுதியை ஆங்கிலப் பேச்சுக்கலைக்கு உதாரணமாகப் பல தலைமுறை படித்தது. ஓட்டெடுப்பில் தோற்றார்.

1801ல் கம்பெனி நவாபின் ஆட்சியை முழுசாக எடுத்துக்கொண்டது. மிச்சக் கடன்களை விசாரிக்க 1805ல் கமிஷன் போட்டார்கள். வந்து குவிந்த பத்திரங்களில் பெரும்பகுதி பொய் என்று தள்ளுபடி ஆயிற்று. அந்தக் கமிஷன் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது.

மதம்தான் காரணம் என்றவருக்கு ஒரு வார்த்தை. முஸ்லிம் நவாபுக்காகக் கிறிஸ்தவக் கம்பெனி, இந்து ராஜாவின் தஞ்சாவூரைப் பிடித்தது. முஸ்லிம் ஹைதரை எதிர்த்து அதே முஸ்லிம் நவாப் நின்றார். இரண்டு பக்கப் படையிலும் எல்லாச் சாதியும் எல்லா மதமும் இருந்தன, சம்பளத்துக்கு. தலைவர்களின் வீம்பு என்றவர் சொன்னதில் பாதி சரி. லாலிக்கும் இருந்தது, மன்றோவுக்கும் இருந்தது. ஆனால் வீம்புக்காரன் எல்லாத் தெருவிலும் உண்டு. அவனுக்கு யார் கடன் கொடுக்கிறார்கள், எந்த வயலை ஈடாக வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. முடிவு செய்கிறவன் கையில் வசூலும், முடிவு கேட்கப்படாதவன் தலையில் செலவும் இருக்கிற இடத்தில் சண்டையை நிறுத்த யாருக்கும் அவசரம் வராது. 1763லிருந்து நம் ஜாகீரில் நடந்தது அதுதான்.

போர் முடிந்து பத்து வருஷம் கழித்து 1794ல் லயனல் பிளேஸ் ஜாகீருக்குக் கலெக்டராக வந்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வரும் அதே துரை. அப்போதும் உடைந்த ஏரிகளும் ஆள் இல்லாத ஊர்களும் இருந்தன. பல ஊர்களில் குடிகளைத் தேடிக் கூட்டி வந்து மறுபடி குடியேற்ற வேண்டியிருந்தது. அப்படி "ஐதர் கலகத்துக்குப் பின் வந்து குடியேறினோம்" என்று சொல்கிற குடும்பங்கள் நம் சுற்றுவட்டாரத்தில் இருக்கலாம். உங்கள் பாட்டி தாத்தா சொன்னது, பழைய பத்திரம், ஓலை ஏதாவது இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். புள்ளலூர்ப் பக்கம் போகிறவர்கள், 1781 போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு அங்கே நிற்கும் நினைவுத் தூண்களையும் ஒரு படம் எடுத்து வாருங்கள். எனக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை.